ஆவாரம்பூத் தேநீரும் பேராதனை எலிகளும்

ஆவிரை என்னும் ஒரு சிறு செடியின் பெயருக்காகத் தொல்காப்பியர் விதி வகுத்திருக்கிறார் என்றால் இக்காலத்து மாணவர் வியப்படைவர். எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியலிலே பனை, அரை, ஆவிரை என்னும் மூன்று மரஞ்செடிப் பெயர்களும் ஒரே சூத்திரத்தில் ஒருங்கு வைக்கப்பட்டுள்ளன. இவை பிற சொல்லோடு புணரும்போது 'அம்' என்னும் சாரியை பெறும். அவற்றுள் அரை என்பது ஒழிந்த இரண்டிற்கும் ஈற்றிலுள்ள ஐகாரம் கெடும் என்பது அதன் கருத்து. பனையின் காய் பனங்காய் ஆவதும், ஆவிரையின் பூ ஆவிரம்பூ ஆவதும் அவ்விதி பற்றியே. ஆவிரை பேச்சு வழக்கில் ஆவாரை ஆயிற்று. ஆனால் நடுவில் நின்ற மகர மெய் மட்டும் அசையவில்லை. கடைத்தெருவிலே 'ஆவாரம்பூ நூறு கிராம் தாருங்கள்' என்று கேட்டு வாங்குகிறவர், தாம் அறியாமலே மிகப் பழைய ஒரு புணர்ச்சி விதியை வாயாற் காத்து வருகின்றார்.

சங்க நூல்களில் ஆவிரைக்குக் கிடைத்த இடமும் சிறியதன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொன்ன 99 மலர்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் புலவர் நெஞ்சில் அது ஆழப் பதிந்தது மடலேறுதலின் அடையாளமாகத்தான். விரும்பிய பெண்ணைப் பெறமாட்டாத தலைவன் பனைமடலாற் செய்த குதிரையின்மேல் ஊரறிய வரும்பொழுது முல்லையையும் மல்லிகையையும் நாடுவதில்லை; எருக்கும் பூளையும் ஆவிரையுமே அவன் சூடும் மலர்கள். குறுந்தொகையிலும் கலித்தொகையிலும் அக்காட்சியைக் காணலாம். அவன் சூடிய அப்பூக்களுள் இரண்டு இன்று இலங்கையிலே உறைகளிற் புகுந்து தேநீராய் விலைபோகின்றன. ஆவிரை, 'ரணவரா' என்னும் சிங்களப் பெயரோடு வருகிறது. பூளையின் இனமாகிய சிறுபூளை, 'பொல்பலா' என்னும் பெயரோடு வருகிறது. எருக்கு ஒன்றே தப்பியது. அதன் பால் கண்ணிற் பட்டால் நேரும் துன்பம் உடனே தெரிந்துவிடுமாதலால், அதனைக் கொதிக்கவைத்துக் குடிப்போம் என்று எவரும் புறப்படவில்லை. இந்த 'உடனே' என்னும் சொல்லை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரையின் சிக்கல் முழுவதும் அதனைச் சுற்றியே இருக்கின்றது.

கண்டியிலிருந்து மாத்தளை வீதியிலே 10 கிலோமீற்றர் அளவிலுள்ள எங்கள் அக்குறணையில் ஆவாரை முளைப்பதில்லை. பிங்கா ஓயா பெருகினாற் கடைத்தெருவிற்குள் வெள்ளம் வரும் ஊர் இது. ஆவாரையோ வறண்ட நிலத்துச் செடி. மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை போன்ற வெயிற் பிரதேசங்களிலே தரிசு நிலத்திலும் தெருவோரத்திலும் எவரும் நீர் ஊற்றாமலே பொன்னிறமாய்ப் பூத்து நிற்கும். மலைநாட்டார்க்கு அது காய்ந்த பூவாகவும் இலையாகவும் நொறுங்கிய சருகாகவும் மட்டுமே அறிமுகம். செடியை ஒருநாளும் காணாதவர்கள் சருகை மட்டும் பார்த்து இது இன்ன மருந்து என்று நம்பி வாங்குகின்றனர். இதனால் விளைவதைப் பின்னர்ச் சொல்வேன்.

என்னிடம் முன்னே தமிழ் படித்த ஒருவர் இப்போது இவ்வூரில் வியாபாரஞ் செய்கின்றார். அவருடைய தாயார் பல்லாண்டாகச் சலரோகக்காரர். ஆசுபத்திரிக் குளிசையும் உண்டு; அதன் மேலே காலையும் மாலையும் ஒரு கோப்பை ரணவராவும் உண்டு. சென்ற நோன்புக் காலத்திற்குப் பின் ஒருநாள் அவர் வந்து, பேராதனையிலே படிக்கின்ற மகள் ஏதோ சொன்னாளென்றும், எலிகளுக்கு ஆவாரையைக் கொடுத்துப் பார்த்தபோது ஈரல் கெட்டதாமென்றும் கலக்கத்தோடு உரைத்தார். "உள்ளதா, ஐயா? நாங்க நிப்பாட்டவா, குடுக்கவா?" என்று கேட்டார். பண்டிதனிடம் கேட்கவேண்டிய கேள்வியன்று அது. ஆனால் ஆவாரை பூத்த ஊரிற் சாவாரைக் கண்டதுண்டோ என்னும் பழமொழியை வகுப்பிலே சொல்லிக்கொடுத்தவன் நானாதலால், அதற்கு விடை தேடும் கடமையும் எனக்கு உண்டென்று தோன்றியது.

உள்ளதுதான். 1981 ஆம் ஆண்டிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நுண்ணுயிரியற் பேராசிரியர் எஸ். என். ஆர்சகுலரத்ன, இரசாயன அறிஞர் ஏ. ஏ. எல். குணதிலக, நோயியல் வல்லுநர் ஆர். ஜி. பானபொக்க என்போர் அம்மூவர். சோதித்தது அயல்நாட்டு அறிஞரல்லர். மகாவலிக் கரையிலே, எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற் சென்றடையக்கூடிய இடத்திலே இருந்தவர்கள். நாட்டு வைத்தியர் வழங்குகின்ற மூலிகைகளுள் 50 ஐத் தெரிந்தெடுத்து, அவற்றிலே 'பைரோலிசிடீன்' என்னும் வகையைச் சேர்ந்த அல்கலோயிட்டுகள் உளவா என்று அவர்கள் ஆராய்ந்தனர். 47 மூலிகைகள் அக்குற்றத்தினின்றும் நீங்கின. மூன்று அகப்பட்டன. ஒன்று கிலுகிலுப்பை, மற்றொன்று குடசப்பாலை, மூன்றாவது நம் ஆவாரை. இவற்றை உணவிற் கலந்து எலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் ஈரலில் நடுச்சிற்றறைச் சிரைகள் சிதைந்தும், குருதி தேங்கியும் கசிந்தும், கலங்கள் மடிந்தும் காணப்பட்டன. நுரையீரலிலும் சிறுநீரகத்திலுங்கூட அவ்வகை நஞ்சுக்கு ஒத்த மாற்றங்கள் தென்பட்டன. இந்நாட்டில் நெடுங்கால ஈரல் நோய்கள் மிகுந்திருப்பதற்கு இத்தகைய மூலிகைகளை உட்கொள்வதும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று அவர்கள் கருதினர். 'இருக்கலாம்' என்றார்களே யன்றி 'ஆம்' என்று முடித்துச் சொல்லவில்லை. அந்த நிதானத்தை, செய்தியைக் காதுவழிக் கேட்டுப் பரப்புகிறவர்களிடம் காணமுடியவில்லை.

அகப்பட்ட மூன்றில் ஆவாரையும் கிலுகிலுப்பையும் அவரைக் குடும்பத்தவை. பயறும் துவரையும் கடலையும் பிறந்த அதே குடும்பம். ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குணத்தராய் இருப்பதில்லை என்பதற்கு இக்குடும்பத்தைக் காட்டிலும் நல்ல சான்று கிடையாது. சோறூட்டுவதும் இதுவே, குன்றிமணியைப் போலக் கொல்லுவதும் இதுவே.

கிலுகிலுப்பையை நாட்டுப்புறப் பிள்ளைகள் நன்கறிவர். காய் முற்றி உலர்ந்தவுடன் உள்ளேயுள்ள விதைகள் கழன்று, ஆட்டினாற் கிலுகிலு என ஒலிக்கும். மேனாட்டுத் தாவர நூலார் அச்செடியினத்திற்கு இட்ட 'குரோட்டலேரியா' என்னும் பெயரும் கிலுகிலுப்பை என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. வால் நுனியால் ஒலியெழுப்பும் அமெரிக்கப் பாம்பொன்றின் இனப்பெயரும் அதே வேரிற் பிறந்தது. பெயரொற்றுமை தற்செயலாயினும், நஞ்சைப் பொறுத்தவரையிற் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஒரு வேறுபாடு: பாம்பின் நஞ்சு அன்றே தெரியும்.

இவ்வல்கலோயிட்டின் செயலைச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். செடியில் இருக்கும்போது அது பெரும்பாலும் அடங்கிக் கிடப்பது. வயிற்றிற் சென்று குருதியிற் கலந்து ஈரலை அடைந்தபின், ஈரலிலுள்ள நொதிகள் அதனை வெளியேற்றும் பொருட்டு மாற்றியமைக்க முற்படுகின்றன. அம்முயற்சியிலேதான் 'பிரோல்' எனப்படும் கொடிய பொருள் பிறக்கின்றது. வீட்டைத் துப்புரவாக்க வந்த வேலையாளின் கையே வீட்டிற்குத் தீ வைப்பதுபோல, நஞ்சை நீக்கவேண்டிய உறுப்பே நஞ்சை உண்டாக்குகிறது. பிறந்த இடத்திலேயே அது புரதங்களையும் மரபணுப் பொருளையும் பற்றிக்கொள்ளும். ஈரலின் நுண்குழாய்களுடைய உட்படலத்தைக் கெடுத்துச் சிறு சிரைகளை அடைத்துவிடும். வெளிச்செல்ல வழியின்றிக் குருதி தேங்க, வயிற்றில் நீர் கோத்து மகோதரம் காணும். பேரளவில் உண்டவர்க்குச் சில வாரங்களில் இது நேரலாம். சிற்றளவில் நெடுங்காலம் உட்கொள்பவர்க்கோ ஆண்டுகள் கழித்து ஈரல் இறுகி நிற்கும்போதுதான் தெரியவரும். அப்பொழுது, பத்தாண்டுக்கு முன் குடித்த கஷாயத்தை எவர் நினைப்பார்? மதுவின் மேலும் மஞ்சட் காமாலையின் மேலும் பழி போகும்.

எலிக்கு நேர்ந்தது மனிதருக்கு நேருமா என்று கேட்போர்க்கு ஜமெய்க்காத் தீவும் நடு இந்தியாவும் விடை தருகின்றன. ஜமெய்க்காவிலே ஏழைக் குடும்பங்கள் குழந்தைகளின் சிறு நோய்களுக்குப் பற்றைச் செடிகளை அவித்துக் கொடுப்பது வழக்கம். அவற்றுள் கிலுகிலுப்பையினமும் ஒன்று. வயிறு பருத்து ஈரல் அடைபட்டு வந்த குழந்தைகளைக் கண்டு, பிராஸ், ஜெலிஃப், ஸ்டுவர்ட் என்னும் மருத்துவர்கள் 1954 இல் அந்நோயை விவரித்து எழுதினர். இந்தியாவில் அன்று மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்ததும் இன்று சத்தீஸ்கரில் உள்ளதுமான சர்குஜா மாவட்டத்திலே 1975 இல் நேர்ந்தது இன்னும் கொடிது. அங்கே மலைக்குடிகள் உண்ட சாமைத் தானியத்தோடு வயலிற் களையாய் வளர்ந்த கிலுகிலுப்பையினத்தின் விதைகளும் கலந்துவிட்டன. மருந்தென்று எண்ணி எவரும் உண்ணவில்லை. சோறென்று எண்ணி உண்டார்கள். குடும்பம் குடும்பமாக வயிற்றில் நீர் கோத்தது, பலர் மாண்டனர். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த தாண்டனும் அவருடன் உழைத்தோரும் காரணத்தைக் கண்டறிந்து 1976 இல் வெளியிட்டனர். சாமையினின்று அவ்விதையைப் புடைத்து நீக்குவதே அதற்கு மருந்து. சுளகு என்னும் பழைய கருவி செய்யவேண்டிய வேலை அது.

இனி, நம் முன்னோர்க்கு இவை தெரியாவா என்னும் கேள்வி எழும். மேடைகளில் இதனைக் கேட்போர் மிகுதி. விடையை எதிர்பார்ப்போர் குறைவு. யான் விடையைச் சொல்லிப் பார்க்கிறேன். நஞ்சு வேறு, மருந்து வேறு என்று பகுத்தறியாதவர்கள் அல்லர் நம் வைத்தியர். குன்றிமணியை எடுத்துக்கொள்க. அதன் விதையிலுள்ள 'அப்ரின்' என்னும் புரதம், கலங்கள் புரதம் ஆக்கும் தொழிலையே நிறுத்திவிடுவது. ஆயுர்வேதம் அதனை உபவிடங்களுள் ஒன்றாக எண்ணியது. பசுப்பாலிலே தொங்கவிட்டு அவித்துச் சுத்தி செய்தபின்பே மருந்திற் சேர்த்தது. புரத நஞ்சு வெப்பத்தாற் சிதையும் என்பதை இன்றைய இரசாயனமும் ஒப்புக்கொள்கின்றது. எட்டியும் சேங்கொட்டையும் அவ்வாறே சுத்தி முறைக்கு உட்பட்டன. ஆனால் இவையெல்லாம் தம் தீமையை மறைக்காத பொருள்கள். தின்ற அன்றோ மறுநாளோ வலிப்பாகவோ கழிச்சலாகவோ கொப்புளமாகவோ வெளிப்படுத்திவிடும். எருக்கம்பாலைப் போல 'உடனே' தெரிவன. அனுபவம் என்னும் ஆசிரியர் உடனே தெரிவதைக் கற்பிப்பதில் நிகரற்றவர். பத்தாண்டு கழித்துத் தெரிவதைக் கற்பிக்க அவரிடம் ஏடு இல்லை. ஒருவரே ஆயிரம் பேரின் பெயரை எழுதி, யார் எதனைக் குடித்தார், யாருடைய ஈரல் எப்போது கெட்டது என்று இருபதாண்டு கணக்கு வைத்திருந்தாலன்றி அது புலப்படாது. அறிவுக் குறைவன்று இது, கருவிக் குறைவு. இதனைச் சொல்வது முன்னோரை இகழ்வதாகாது.

அன்றியும், முன்னோர் கொடுத்ததும் நாம் குடிப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கவேண்டும். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்று ஒன்று உண்டு. ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை ஆகியவை சேர்ந்தது, நீரிழிவுக்காரர்க்கு உரியது. வைத்தியர் நாடி பார்த்து, அளவு சொல்லி, ஒரு மண்டலம் என்றோ இரண்டு மண்டலம் என்றோ எல்லை கட்டி, பத்தியம் விதித்துக் கொடுத்தார். எல்லை முடிந்தால் மருந்தும் நின்றது. இன்று நிகழ்வதோ வேறு. ரணவரா மருந்து என்னும் நிலையிலிருந்து இறங்கிப் பானமாயிற்று. நோயற்றவரும் குடிக்கிறார். காலையிற் குடிப்பவர் மாலையிலும் குடிக்கிறார். எல்லை கட்டுவார் இல்லை. மருந்துக்குரிய புகழ் இருக்கிறது, மருந்துக்குரிய கட்டுப்பாடு போய்விட்டது. தேயிலைக்குப் பதிலாக இதைப் பருகுங்கள் என்று விளம்பரம் செய்வோர், 'மூவாயிரம் ஆண்டு அனுபவம்' என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொள்கின்றனர். அந்த அனுபவம் மண்டலக் கணக்கிற்கு உரியதே யன்றி ஆயுட்காலக் குடிப்பிற்கு உரியதன்று.

மறுபக்கமும் பேசவேண்டும். பேராதனை ஆய்வை வைத்துக்கொண்டு ஆவாரை நஞ்சு என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. எலிகள் தேநீர் குடிக்கவில்லை. மூலிகை கலந்த உணவை உண்டன. சருகை உண்பதும் அதனைக் கொதிநீரில் இட்டு வடித்துக் குடிப்பதும் ஒன்றல்ல. பைரோலிசிடீன் அல்கலோயிட்டுகள் வழக்கமாக வாழும் வீடுகள் தேட்கொடுக்கின் குடும்பமும், சூரியகாந்திக் குடும்பத்தின் சில கிளைகளும், அவரைக் குடும்பத்தில் கிலுகிலுப்பை இனமும் ஆகும். கொன்றையின் கிளையாகிய ஆவாரையில் அவை தென்படுவது இரசாயன அறிஞர் எதிர்பார்த்திராத செய்தி. அக்காலத்தில் இவற்றைக் கண்டறியப் பெரிதும் பயன்பட்டது வினைபொருளைச் சேர்த்து நிறம் மாறுகிறதா என்று நோக்கும் முறை. இன்றோ பொருள்களைத் தனித்தனி பிரித்து ஒவ்வொன்றன் மூலக்கூற்று நிறையையும் அளந்து இன்னதென்று பெயர் சொல்லும் கருவிகள் வந்துள்ளன. ஆகையால் 1981 இன் முடிவைப் பொய்யென்று தள்ளுவதும் அறிவன்று, வேதவாக்கென்று கொள்வதும் அறிவன்று. புதிய கருவியால் மீண்டும் சோதிக்கத்தக்க கேள்வி என்று கொள்வதே நேர்மை.

அந்தப் பழைய ஆய்வுக்குப் பின் நிகழ்ந்தவற்றுள் இரண்டை மட்டும் குறிப்பிடுவேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே பாரி, லதா என்னும் இருவர் ஆவாரம்பூவின் நீர்ச்சாற்றை நீரிழிவூட்டப்பட்ட எலிகளுக்கு 30 நாள் கொடுத்து, குருதிச் சர்க்கரை குறைந்ததை 2002 இல் எடுத்துக்காட்டினர். பழைய வைத்தியர் சொன்னது வெறுங்கதையன்று என்பதற்கு இது துணை. அதேவேளை இதுவே எச்சரிக்கையும் ஆகும். சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் பூவுக்கு மெய்யாகவே உண்டென்றால், ஆசுபத்திரிக் குளிசையோடு அதனையும் குடிக்கின்றவருடைய சர்க்கரை அளவுக்கு மிஞ்சி இறங்கவும் கூடும் அல்லவா? மருந்தாக வேலை செய்யும். ஆனால் எதனோடும் மோதாது என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லுதல் தருக்கத்துக்குப் பொருந்தாது.

இரண்டாவது, களனிப் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வு. 2004 இல் வெளிவந்தது. தப்ருவும் அவருடன் உழைத்தோரும், வலிப்புக்கும் முகநரம்பு நோவுக்கும் கொடுக்கப்படும் 'கார்பமசெப்பைன்' என்னும் மருந்தை எலிகளுக்கு ஊட்டி, சிலவற்றிற்கு அதனோடு ஆவாரைத் தேநீரும் சிலவற்றிற்கு முடக்கொத்தான் தேநீரும் கொடுத்துப் பார்த்தனர். முடக்கொத்தான் வாளாவிருந்தது. ஆவாரை குடித்த எலிகளின் குருதியிலோ அம்மருந்தின் அளவு ஏறத்தாழ 47 சதவீதம் உயர்ந்துவிட்டது. அந்தச் சோதனையில் எலிகளுக்குக் கேடு தென்படவில்லை. ஆயினும் கார்பமசெப்பைன் அளந்து கொடுக்கவேண்டிய மருந்து. குருதியில் அது மிகுந்தால் தலைசுற்றலும் தள்ளாட்டமும் வரும். ஆவாரை நஞ்சா அன்றா என்னும் வாதம் முடியும்வரை காத்திராமல் இன்றைக்கே கவனிக்கவேண்டிய செய்தி இது என்று நினைக்கிறேன். எங்கள் மலைநாட்டிலே கிளினிக்குக்குச் செல்லும் முதியவர்கள் வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொல்வார்கள். ரணவராவை மட்டும் சொல்லமாட்டார்கள். மறைக்கவேண்டும் என்பதற்காக அன்று. அது மருந்து என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லாமையால். என் பழைய மாணவருக்கு நான் சொன்ன விடை இதுவே: நிறுத்துங்கள் என்றோ கொடுங்கள் என்றோ நான் சொல்லத் தகேன், அடுத்த கிளினிக் நாளில் அந்த உறையையே கையிற் கொண்டுபோய், எத்தனை ஆண்டு, நாளுக்கு எத்தனை கோப்பை என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சருகைப் பார்த்து வாங்குவதன் ஆபத்தைப் பின்னர்ச் சொல்வதாக மேலே குறித்தேன். ஆவாரையின் உறவினர் பலர், முகச்சாயலும் ஒன்றுபோல. நிலாவாரை உண்டு. திருநெல்வேலிச் சீமையிலே பயிராகித் தூத்துக்குடி வழியே உலகெங்கும் செல்வது; அரபு மொழியிலே 'சனா' எனப்படுவதும், நபிமொழித் தொகுப்புகளிற் பேசப்படுவதும் அவ்வினமே. இன்று தாவர நூலார் ஆவாரை முதலிய செடிகளுக்கு வழங்கும் 'சென்னா' என்னும் இனப்பெயர் அந்த அரபுச் சொல்லே. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தியாயிருக்கும். தகரை உண்டு. பேயாவாரை என்று ஒருத்தி உண்டு. பெயரிலேயே பேய் இருப்பதை நோக்குக. மேற்கு உத்தரப் பிரதேசத்திலே ஆண்டுதோறும் மழை ஓய்ந்த காலத்தில் சிறு குழந்தைகள் திடீரென மயங்கி இறந்துவந்தனர். மூளைக் காய்ச்சல், கண்ணுக்குத் தெரியாத கிருமி என்றே நெடுநாள் எண்ணப்பட்டது. பிஜ்னோரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவும் வேலூர் மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்து ஓய்வுபெற்ற ஜேக்கப் ஜானும் பிறரும் ஆராய்ந்து, பேயாவாரையின் காய்களைப் பிள்ளைகள் விளையாட்டாய்த் தின்றதே காரணம் என்று 2007 இல் வெளியிட்டனர். ஈரலும் தசையும் மூளையும் ஒருங்கே கெடும் நோய் அது. 2016 இல் ஒடிசாவின் மல்கான்கிரியிலும் அதே செடி குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. ஆவாரைக்கும் இதற்கும் வேறுபாடு செடியைக் கண்டால் எளிதில் தெரியும். ஆவாரையின் இலைக்காம்படியில் காதுமடல் போன்ற பெரிய செதில்கள் இருக்கும். இலின்னேயசு 1753 இல் அதற்குக் காதுடையது என்ற பொருளில் 'ஓரிகுலேட்டா' எனப் பெயரிட்டதும் அதனாலேயே. நொறுக்கிப் பொதி கட்டிய சருகிற் காதை எங்கே தேடுவது? கூலிக்குப் பறிக்கிறவர் அருகில் நின்ற களையையும் சேர்த்துப் பறித்துவிட்டால் அதனை எவர் பிரிப்பார்? சாமையில் நேர்ந்தது சருகிலும் நேரலாம். ஐரோப்பாவிலே மூலிகைத் தேநீர்களில் இவ்வல்கலோயிட்டுகள் காணப்பட்டபோது, பெரும்பாலும் குற்றவாளி மூலிகையன்று, அறுவடையிற் கலந்த களையே என்பது தெரியவந்தது. ஜேர்மனி 1992 இலேயே இவை கொண்ட மருந்துகளுக்கு நாளொன்றுக்கு 1 மைக்கிரோகிராம், அதுவும் ஆண்டில் 6 வாரம் மட்டும் என்று வரம்பு கட்டியது. கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. 2022 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மூலிகைத் தேநீர்களுக்கும் மேல்வரம்பு விதித்திருக்கிறது.

பாதுகாப்புச் சோதனை செய்தாயிற்று என்று ஒரு பொருளின் உறையிலோ விளம்பரத்திலோ கண்டால், என்ன சோதனை என்று கேட்கும் வழக்கம் நமக்கு வரவேண்டும். உலகெங்கும் வழங்கும் நெறிகளின்படி சோதனைகள் பலவகை. ஒரு தடவை மட்டும் பேரளவிற் கொடுத்து 14 நாள் பார்ப்பது ஒன்று. உடல் நிறை கிலோவுக்கு 2000 மில்லிகிராம் கொடுத்தும் எலி சாகாவிட்டால் அப்பொருள் தேறிவிடும். 28 நாள் தொடர்ந்து கொடுப்பது இன்னொன்று. 90 நாள் கொடுப்பது மற்றொன்று. அதில் ஒவ்வொரு கூட்டத்திலும் ஆண் 10, பெண் 10 எனக் குறைந்தது 20 எலிகள் வேண்டும். மூன்று அளவுகளிற் கொடுக்கவேண்டும். இறுதியில் உறுப்புகளை வெட்டி நுணுக்குக்காட்டியிற் பார்க்கவேண்டும். செலவு மிகுதி, காலம் மிகுதி. ஆகையால் மூலிகைகளைப் பற்றிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை முதல்வகையோடு நின்றுவிடுகின்றன. முதல்வகைச் சோதனை கேட்கும் கேள்வி என்ன? 'உடனே கொல்லுமா?' என்பதே. அதனை நம் பாட்டிமார் எலியின்றியே அறிந்திருந்தனர். நாம் கேட்கவேண்டிய கேள்வி, பத்தாண்டு குடித்தால் என்னாகும் என்பது. ஒன்றுக்கு விடை கண்டு மற்றதற்கும் விடை கண்டதாகக் காட்டுவது, தொகுத்தற் கணக்கைச் சரியாகப் போட்டவனுக்கு வகுத்தற் கணக்கிலும் புள்ளி கொடுப்பது போன்றது.

இந்நாட்டில் இதற்குரிய நிலையங்கள் இல்லாமல் இல்லை. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது. 1962 இல் தொடங்கிய பண்டாரநாயக்க நினைவு ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் நாவின்னையில் இருக்கிறது. பேராதனைப் பூங்காவிலே தேசியத் தாவரச் சேகரிப்பகம் இருக்கிறது. ஒவ்வொரு செடியும் இன்னதென்று உலர்த்தி ஒட்டிப் பெயரெழுதி வைக்கப்படும் இடம் அது. செய்யவேண்டியது மிக எளிதாகச் சொல்லக்கூடியது. கண்டி, மாத்தளை, கட்டுகஸ்தோட்டை, அக்குறணைக் கடைகளில் விற்கும் ரணவரா உறைகளை வாங்குக. பிரித்து, உள்ளிருப்பது ஆவாரைதானா, வேறு செடி கலந்ததா என்று சேகரிப்பகத்து மாதிரியோடு ஒப்பிடுக. பூ, இலை, பட்டை, காய் எனப் பிரித்துத் தனித்தனியே அல்கலோயிட்டை அளக்க. மக்கள் வீட்டிற் செய்வதுபோலக் கொதிநீரில் இட்டு வடித்து, அந்த நீரையும் அளக்க. அதன் பின்பே எலியிடம் போகலாம். போனால் 90 நாளுக்குக் குறையாமல் நடத்துக. நாற்பதாண்டுக்கு முன் மூவர் தொடங்கிவைத்த வேலை அது. அவர்கள் நீக்கிவைத்த 47 மூலிகைகளைப் பற்றிக் கவலையின்றி இருக்கிறோம். அந்த நன்மையை எவரும் பேசுவதில்லை. அகப்பட்டவற்றுள் நாள்தோறும் கோப்பையில் ஊற்றப்படுவது ஆவாரை ஒன்றே. முதலில் அதன் உறையைத்தான் பிரிக்கவேண்டும்.